சொல்லாமல் ஒரு செக்கிங்

"எனக்கு மேட்ச் முழுசும் வேண்டாந் தம்பி. ஏழாம் நம்பர் பனியன் போட்ட பையன் மட்டும் போதும். அவன் மூஞ்சி, கை, காலு, எச்சி துப்புனா அது வரைக்கும் தெரியோணும்."

ஸ்டுடியோக்காரர் ராஜபாண்டி, லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். உசிலம்பட்டிப் பக்கமிருந்து திருப்பூருக்கு வந்து பதினைந்து வருடமாகக் கல்யாணம், காதுகுத்து, கபடி என்று வீடியோ எடுக்கிறவர். எச்சில் வரைக்கும் கேட்ட முதல் ஆள் இந்த ஆத்தப்பன்தான்.

"எம்புட்டுத் தூரத்துல இருந்து எடுக்கணும்ண்ணே?"

"மைதானத்துக்கு இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி. பையனுக்குத் தெரியக் கூடாது."

ராஜபாண்டியின் முகம் போன போக்கைப் பார்த்து ஆத்தப்பனே விஷயத்தை உடைத்தார்.

"வேற ஒண்ணுமில்ல. எம்புள்ள வர்ஷினிக்குப் பாத்திருக்கற மாப்பிள்ளை. பேரு தரணீதரன். குன்னத்தூர் டீமுக்குக் கபடி ஆடறான். புரோக்கர் கிட்டுசாமி கொண்டாந்த ஜாதகம், பத்துக்கு எட்டுப் பொருத்தம். ஞாயித்துக்கிழமை மேட்ச் இருக்குது, தூரமா நின்னு பாத்துக்குங்கன்னு அவருதான் சொன்னாரு."

"நேரா வீட்டுக்கே போயிப் பாக்கலாமேண்ணே."

இருபத்தைந்து வருடம் பனியன் கம்பெனி நடத்தியவரிடம் கேட்கிற கேள்வியா இது?

"ஏப்பா, சரக்கு வாங்கற வெளிநாட்டு பையர் வர்றான்னு தெரிஞ்சா எந்தக் கம்பெனி சுத்தமா இல்லாமப் போகும்? கக்கூஸுல கூடப் பூந்தொட்டி வெச்சிருப்பம். சொல்லாம வந்து செக்கிங் பண்ணுனாத்தான் டேமேஜ் தெரியும். போன வருசம் வந்த மாப்பிள்ளை எங்க ஊட்டுல உக்காந்து பஜ்ஜி தின்னப்ப என்ன அடக்கம்ங்கற! நிச்சயத்துக்கு நாலு நாள் இருக்கறப்ப குடிச்சுப்போட்டு பிராந்திக் கடை வாசல்ல உருண்டு கெடந்தான். எம்புள்ள ஒரு மாசம் சரியாச் சோறு திங்கல. இன்னொருக்கா அவ அழுகறதப் பாக்க எனக்குத் தெம்பில்ல."

மகள் என்றால் மனிதர் அப்படித்தான்.

ராஜபாண்டி வேலையில் இறங்கினார். "சாயங்காலம் வெளிச்சம் கம்மியாயிரும்ண்ணே. அதுக்குத் தகுந்த லென்ஸ் போடணும். கபடியில கண்ணை மூடித் தெறக்குறதுக்குள்ள ஆள் ஓடிருவான். ஷட்டர் வேகத்தை ஏத்தி வைக்கலைன்னா கையுங் காலும் இழுத்துக்கிட்டுத் தெரியும். இந்தக் கேமரா ஒரு முகத்தைப் பிடிச்சா விடாது. லென்ஸ் இந்த நானூறு எம்.எம். போதும்."

"இதையவிடப் பெருசு இல்லியா?"

"அறுநூறு ஒண்ணு இருந்துச்சு. காலையிலதான் ஒரு கார்மெண்ட்ஸ் ஓனர் வாடகைக்கு எடுத்துட்டுப் போனாரு. அவருக்கும் ஏதோ மேட்சாம்."

"நல்ல சாமானெல்லாம் வேலை வெட்டியில்லாதவன் கையில போய்ச் சேருது," என்று அலுத்துக்கொண்டார் ஆத்தப்பன்.

ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கெல்லாம் இருவரும் குன்னத்தூர் மைதானத்தில் இருந்தார்கள். டிரைபாட் வைக்கத் தோதான இடத்தில் ஒரு பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "எந்திரி, எந்திரி. அக்கட்டால போய் நில்லு," என்று ஆத்தப்பன் நாற்காலியையே பிடித்து இழுத்தார். வந்த வேலை முக்கியமல்லவா?

டீ விற்கிற அம்மாள் கொடுத்த டீயில் சர்க்கரை கூடிப்போயிருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை அவள் காலடியிலேயே வீசிக் கொட்டினார். அவள் சேலையில் தெறித்ததை உதறிக்கொண்டு போனாள்.

"அண்ணே, நாலு பேரு பாக்குறாக," என்றார் ராஜபாண்டி மெதுவாக.

"இந்த ஊருல என்னைய யாருக்குத் தெரியும்? நீ ஏழாம் நம்பரைப் பாரு."

ஏழாம் நம்பர் பாடிப்போய் மூன்று பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பினான். தடுமாறி விழுந்த எதிரணிக்காரனைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். நடுவர் அவுட் என்றபோது மறுபேச்சுப் பேசாமல் வெளியே போனான். இடைவேளையில் தண்ணீர் பாட்டிலை எல்லோருக்கும் கொடுத்து, மிச்சம் இருந்ததைத்தான் குடித்தான். கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஆத்தப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா தம்பி. யாரும் பாக்கலைன்னு நெனைக்கறப்ப எப்படி இருக்கறானோ, அதுதான் மனுசன். இவன் முதல் தரம். ஒரு டேமேஜ் இல்ல."

அங்கிருந்தே மகளுக்குப் போன் போட்டார். "கண்ணு, இந்தப் பையன் தங்கமான பையன். அப்பன் கண்ணால பாத்துட்டன்." ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் முறையாக வர்ஷினி சிரிக்கிற சத்தம் கேட்டது.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கிட்டுசாமியைக் கூப்பிட்டார். "நமக்குப் பரிபூரண சம்மதமுங்க. எப்ப வர்றாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"அவங்க வேண்டாம்னுட்டாங்களுங்க."

"ஏனுங்க? எம்புள்ளைய அவங்க இன்னும் நேர்ல பாக்கவே இல்லியே."

"புள்ளை போட்டோவப் பாத்து ரொம்பப் புடிச்சுப் போச்சுங்க. ஆனா பையனோட அப்பாவும் உங்களாட்டப் பனியன் கம்பெனிக்காரருங்க. பொண்ணு எப்படி வளந்திருக்கும்னு தெரிய, பெத்தவரைச் சொல்லாமப் பாக்கோணும்னாருங்க. நீங்க மேட்சுக்கு வர்றதை நான்தான் சொன்னனுங்க. உங்களுக்கு நேரெதிருல அவரு கேமரா வெச்சிருந்தாருங்க."

கிட்டுசாமி தயங்கித் தயங்கி முடித்தார்.

"ராஜபாண்டி கடையில எடுத்த அறுநூறு லென்சுங்களாமா. நாற்காலி இழுத்ததை விடுங்க, டீக்கார அம்மா சேலையில பட்ட கறை கூடத் தெளிவாத் தெரியுதுங்க."