பிரபுவின் கல் மூக்கு

தன் பிணத்தைப் பார்த்ததும் பிரபுவுக்கு முதலில் தோன்றியது இதுதான்: பரவாயில்லையே!

இடுப்பு சிக்கென்று இருந்தது. தொப்பை போன இடம் தெரியவில்லை. தலைக்கவசத்துக்குக் கீழே இருபது வயது முகம். அதன் நடுவில், அம்பு மாதிரி நேராக ஒரு மூக்கு.

வெள்ளைக் கல்லில் மல்லாந்து படுத்திருந்தார். கைகள் கூப்பியபடி. காலடியில் சிங்கம். சிற்பி ரால்ஃப் பிறந்ததிலிருந்து சிங்கத்தைப் பார்த்ததில்லை. கோட்டை நாய்க்குப் பிடரி மயிர் ஒட்டி வைத்திருந்தான்.

போகட்டும்.

இங்கிலாந்துப் பிரபுக்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான். உயிரோடு இருக்கும்போதே கல்லறையைச் செதுக்கிவிடுவார்கள். மேலே கணவனும் மனைவியும் கல்லாய்ப் படுத்திருப்பார்கள். கீழே அசல் ஆட்கள், காலம் வரும்போது.

அவருக்கு அவசரம். நாளைக் காலையில் கப்பல். பிரான்ஸில் மறுபடியும் சண்டை. அறுபதைத் தாண்டிய தளபதி இந்த முறை திரும்பி வருவார் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை.

கல் பிரபுவுக்குப் பக்கத்தில் இன்னும் செதுக்காத கல் ஒன்று காத்திருந்தது. அது இடோனியாவுக்கு. அவர் மனைவி.

இடோனியா கல் கணவனைச் சுற்றி வந்தாள். குனிந்தாள். முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"யாரு இது?"

"நான்தான்."

"நீங்களா? இது யாரோ பையன். முன்ன பின்ன தெரியாத ஆம்பளை பக்கத்துல நான் படுக்கமாட்டேன். எங்கப்பா ஊர் கோயில்ல எனக்குக் கல்லறைக்கு இடம் இருக்கு. அங்கே போய்க்கறேன்."

ரால்ஃப் உளியை மெதுவாகக் கீழே வைத்தான். வாசலில் நின்ற இரண்டு படைத்தலைவர்களும் கூரையை ஆராய்ச்சி செய்தார்கள்.

அவர் எத்தனையோ கோட்டைகளை முற்றுகையிட்டவர். பின்வாங்கினார் என்று எதிரிகூட ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"கொஞ்சம் தொப்பை வைக்கச் சொல்றேன்."

இடோனியா கல் முகத்தை விரலால் தட்டிப் பார்த்தாள்.

"வயசையும் ஏத்தச் சொல்றேன். போதுமா?"

"மூக்கு," என்றாள்.

அவர் கை தன்னையறியாமல் தன் மூக்குக்குப் போனது. பாதி வழி வரை ஒழுங்காக வந்து, பிறகு மனசு மாறி ஒரு பக்கமாகத் திரும்பிய மூக்கு. கல்லிலாவது அதை நேராக்க ஆசைப்பட்டிருந்தார்.

"உலகத்தோட கடைசி நாள்ல எக்காளம் ஊதுவாங்க. செத்தவங்க எல்லாரும் எழுந்திரிப்பாங்க. அத்தனை கூட்டத்துல உங்களை நான் எதை வெச்சுக் கண்டுபிடிக்கறது?"

சிரிக்காமல்தான் சொன்னாள்.

அவர் அந்த வெறும் கல்லைப் பார்த்தார். உலகம் முடியும்வரை பக்கத்தில் யாருமில்லாமல்.

சட்டென்று குளிரெடுத்தது.

"மூக்கைக் கோணலாக்கு," என்றார் சிற்பியிடம்.

ரால்ஃபின் முகம் மலர்ந்தது. பின்னே? ஊரறிந்த மூக்கு அது. ஒரு பாலத்துச் சண்டையில் பிரெஞ்சு ராட்சதன் ஒருவன் இரும்புத் தடியால் அடித்து உடைத்த மூக்கு. விருந்துக்கு விருந்து அவரே சொல்லுவார். பாணர்கள் பாட்டே கட்டிவிட்டார்கள். ராட்சதன் வருஷா வருஷம் வளர்ந்தான். போன கிறிஸ்துமஸில் அவனுக்குக் குதிரையும் கிடைத்திருந்தது.

அந்தக் கதை ஆரம்பித்தால் மட்டும் இடோனியா தலையைக் குனிந்து தையல் வேலையில் மூழ்கிவிடுவாள்.

"ஒரே தட்டுதான் பிரபு," என்றான் ரால்ஃப். "தப்பாத் தட்டினா மொத்த மூக்கும் கையோட வந்துடும். அதனால கேக்கறேன். அந்தப் பிரெஞ்சுக்காரன் தடி எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சு?"

அவர் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார்.



"வலது பக்கம்," என்றான் ஒரு படைத்தலைவன், பெருமையாக.

"இடதுன்னுல்ல போன விருந்துல சொன்னாரு?" என்றான் மற்றவன்.

இருவரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இடோனியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின.

நாளைக்கு இந்த இரண்டு பேரும் அவர் சொல்லை நம்பித்தான் சாகப் போகிறார்கள். வாய்க்கு வந்த பக்கத்தைச் சொல்லிவிடலாம். கதை பிழைக்கும்.

மூக்கு பிழைக்காது.

பக்கத்துக் கல் வெறும் கல்லாகவே கிடந்தது.

அவர் ரால்ஃபின் கையிலிருந்து சுத்தியலை வாங்கினார். படைத்தலைவர்களைக் கடந்து நடந்தார். ஜன்னலருகே போய் அதை மனைவியிடம் நீட்டினார்.

படைத்தலைவர்களில் ஒருவனுக்கு இருமல் வந்தது.

இடோனியா சுத்தியலை வாங்கிக்கொண்டாள். எடை பார்த்தாள். வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினாள். கல்லருகே வந்து, ஒரு கண்ணை இடுக்கிக் குறி பார்த்தாள்.

"இந்தத் தடவையாவது தள்ளி நில்லுங்க."

அவர் பின்வாங்கினார்.