பலவீனமான வாதம்

தொண்ணூற்றெட்டா, இரண்டாயிரமா, சரியாக நினைவில்லை. பெங்களூர் ஜெயநகரில் ஒரு காலை.

"வேலைக்குப் போகணும்னு துடிக்கறயே பத்மஜா, ஏன்னு சொல்லேன்," என்றான் முரளீதரன். கணவன் இறங்கி வருகிறான் என்று நம்பினாள்.

"சும்னே ஆத்துலயே உக்காந்திருந்தா பைத்தியமே பிடிக்கறதுன்னா."

"இன்னும் சொல்லு."

"படிச்சதெல்லாம் மறந்துபோறது."

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வேண்டாம்," என்றான்.

அவனுக்குத் தெரியாமல் ஒரு கம்பெனியின் தேர்வுக்குப் போனாள். 'மணமான பெண்கள் வேலைக்குப் போகலாமா? எந்த வாதம் வலுவானது, எது பலவீனமானது?' கீழே, அவள் சொன்னதெல்லாம் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. கேள்வித்தாள் தயாரிப்பதுதான் முரளீதரனின் உத்தியோகம்.

அவன் வைத்திருக்கும் விடை அவளுக்குத் தெரியும். தன் வார்த்தைகளைப் பலவீனம் என்றே குறித்தாள்.

தேறினாள். அங்கேயே வேலையில் இருக்கிறாள், தனியாக. முரளீதரன் மறுமணம் செய்துகொண்டான். கேள்வி எழுதுவதை விடவில்லை.