காலி ஜீப்

“முட்டி போட மாட்டேன்னா மாட்டேன்லா! வேணும்னா வேற ராஜாவைப் பாத்துக்கோ!”

சிவசாமி அட்டை வாளை வீசி எறிந்தார். அது, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்துச் சிமெண்டில் வழுக்கிக்கொண்டு போய் மருதமுத்துவின் காலடியில் நின்றது.

நாடகத்தை நடத்துகிற கணேஸ்வரன் தலையில் கை வைத்தான். மலாக்கா ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடித்துவிட்டு, தூங்காமல் ஒத்திகைக்கு வந்தவன்.

“மண்டோரே, கதையே அதுதான். பழைய நாடகத்துல அடிமை மிதிபட்டுச் சாவான். இதுல அவன் ராஜாவோட கிரீடத்தைப் பிடுங்கிப் போட்டுக்கிறான். ராஜா முட்டி போட்டுத்தான் ஆகணும்.”

“பழசு எங்கப்பா காலத்துலேருந்து போடுற நாடகம். அதுல என்ன கொறைச்சல்?”

“மிதிக்கிறவருக்கு ஒரு கொறைச்சலும் இல்ல,” என்றான் மருதமுத்து.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

வருஷா வருஷம் சிவசாமிதான் ராஜா. மருதமுத்துதான் அடிமை. மற்ற நாள்களிலும் ஏறக்குறைய அதே வேஷம்தான். ஒருவர் மண்டோர், வேலை ஏவுகிறவர். மற்றவன் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன்.

தோட்டத்தை விற்றாகிவிட்டது. கித்தா மரங்களைச் சாய்த்துவிட்டுத் தாமான் என்று வரிசை வீடுகள் கட்டப்போகிறார்கள். இதுதான் கடைசித் திருவிழா, கடைசி நாடகம். அதன் பிறகு சிலர் சிம்பாங் அம்பாட்டுக்கு, சிலர் டவுனுக்கு என்று ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். போவதற்கு முன் மருதமுத்துவுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். இந்த மனுஷன் இந்தக் களத்தில், எல்லார் முன்னாலும், தன் முன்னால் முட்டி போட வேண்டும்.

காரணம் தோட்டத்துக்கே தெரியும். பாலில் தண்ணீர் கலந்தாள் என்று சொல்லி, மருதமுத்துவின் மனைவி பெத்தம்மாளை இதே களத்தில் நிறுத்தியவர் சிவசாமி. “தலைத்துண்ட அவுரு” என்றார். அவிழ்த்தாள். தோட்டத்து மேனேஜர் துரை பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போகும்வரை, உச்சி வெயிலில் வெறுந்தலையோடு நின்றாள். மருதமுத்துவும் தன் பால் வாளியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருந்தான்.

“என்ன மண்டோரே, முட்டி வலியா?” என்று வாளைக் காலால் தள்ளிவிட்டான் மருதமுத்து. “துரை ஜீப்பு போனா தொப்பியக் கழட்டுறீங்க. துரை இல்லாம காலி ஜீப்பு போனாலும் கழட்டுறீங்க. நெசத்துல வராத வெக்கம் நாடகத்துல மட்டும் எங்கேருந்து வருது?”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

சிவசாமி அவனையே பார்த்தார். பிறகு குனிந்து வாளை எடுத்துக்கொண்டார்.

“போடுறேன். நீ வசனத்த மறக்காம இருலா.”

லயத்து வீட்டுக்கு வந்ததும் மருதமுத்து பெத்தம்மாளிடம் சொன்னான். “ஞாயித்துக்கெழம முன்னால வந்து உக்காரு. எல்லாம் ஒனக்காகத்தான்.”

“எனக்காகவா?” அவள் அரிசி களைவதை நிறுத்தாமல் கேட்டாள். “அன்னைக்கு வராத ரோஷம், மேடை போட்டாத்தான் வருதா?”

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

“சரி, வரேன். பாய் எடுத்துக்கிட்டு வரேன்.”

ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்ந்ததும் நாடகம் தொடங்கியது. முன்வரிசையில் துரைக்குப் போட்டிருந்த நாற்காலி காலியாக இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே பெத்தம்மாள் பாயை விரித்து உட்கார்ந்திருந்தாள்.

கடைசிக் காட்சி. பிஸ்கட் டின்னை வெட்டிச் செய்த கிரீடத்தை மருதமுத்து பிடுங்கினான். தன் தலையில் வைத்துக்கொண்டான்.

“மண்டியிடு!”

சிவசாமி மண்டியிட்டார். பாவனையாக இல்லை. இரண்டு முட்டியும் பலகையில் ‘டொக்’கென்று விழுந்தன. தலை தொங்கியது.

விசில் பறந்தது. “அப்படிப் போடு!” என்று ஒருவன் கத்தினான். மருதமுத்து கூட்டத்தில் பெத்தம்மாளைத் தேடினான். அவளும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பாக்கி இருந்தது ஒரே வசனம்.

மேட்டுப் பக்கம் ஜீப் சத்தம் கேட்டது.

உட்கார்ந்திருந்த ஆண்கள் மளமளவென்று எழுந்தார்கள். தலையில் இருந்த துண்டுகள் கைக்கு வந்தன. பேச்சு நின்றது. மருதமுத்துவும் வசனத்தை விட்டுவிட்டு மேட்டைப் பார்த்தான்.

“மருதமுத்து.”

கீழேயிருந்து மெல்லிய குரல். சிவசாமிதான். அவர் தலை நிமிரவில்லை. ஜீப் வந்த பக்கம் திரும்பவும் இல்லை.

“துரை இல்லடா. உள்ள துரை இருந்தா மேட்டுலயே ஹாரன் அடிப்பாங்க. டிரைவர் மட்டுந்தான் வரான். கிரீடத்த எடுத்துத் தலையில வை.”

அப்போதுதான் மருதமுத்துவுக்குத் தன் தலை வெறுமையாக இருப்பது தெரிந்தது. கிரீடம் அவன் அக்குளில் இருந்தது.

ஜீப் வந்து நின்றது. டிரைவர் இறங்கி, துரை கொடுத்தனுப்பிய ஆரஞ்சுத் தண்ணிப் பெட்டியை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனான். கூட்டம் மறுபடியும் உட்கார்ந்தது.

“இனி எவனுக்கும் தலை வணங்க மாட்டேன்!”

மருதமுத்து முழங்கினான். ஒரு சொல் பிசகவில்லை. களம் அதிரக் கை தட்டினார்கள். மேடை ஓரத்தில் கணேஸ்வரன் சட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

கிரீடம் இன்னும் அக்குளில்தான் இருந்தது.

கைத்தட்டல் ஓய்வதற்குள் பெத்தம்மாள் எழுந்தாள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு பாயைச் சுருட்டத் தொடங்கினாள்.