அப்பாவின் ஸ்கோர்

மூன்றாவது பாறையிலும் அப்பாவின் கார் தப்பித்தது. நான்காவது இடப்பக்கம் விழ, வலப்பக்கம் வெட்டித் திருப்பினார். ஐந்தாவது, ஆறாவது... ஒரு கீறல் இல்லை.

சோபாவில் சாய்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்து, இரண்டே பட்டன்களில் அவர் ஓட்டிய கார் அது.

“இதுக்கெல்லாமா உனக்குச் சம்பளம் தர்றான்?” என்றார். “சின்னப் பசங்க ஆட்டம்.”

மகள் சிரித்து வைத்தாள். கேம் வடிவமைப்பது அவள் தொழில்தான். ஆனால் இது கம்பெனிக்குச் செய்ததல்ல. பாறை திரையில் தெரிவதற்கும் அப்பாவின் விரல் அழுத்துவதற்கும் நடுவே எத்தனை நேரம் என்று ரகசியமாக அளக்கும் கேம்.

முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் லேசாகத் தட்டிவிட்டுப் போன பிறகு காரை எடுத்த முதல் நாளே கேட் தூணில் இடித்தார். “தூணுதான் தள்ளி நிக்குது” என்று சாதித்தார். அன்று அவள் கைப்பைக்குள் போன சாவி வெளியே வரவில்லை. ‘உங்களால முடியாதுப்பா’ என்று நேரில் சொல்ல அவளுக்கு வாயும் வரவில்லை.

முதல் நாள் அளவு ஒரு நொடிக்கும் மேல். தினமும் ஒப்பிட ஒரே அளவுகோல் வேண்டுமென்று பாறைகள் விழும் வேகம், வரிசை எதிலும் அவள் கைவைக்கவில்லை.

அப்பா காலையில் பத்து ஆட்டம், மாலையில் பத்து ஆட்டம். உதடுகள் மட்டும் ஏதோ முணுமுணுக்கும். மூன்றாவது வாரம் அளவு கால் நொடிக்கு வந்துவிட்டது. அவளாலேயே அந்த வேகத்தில் அழுத்த முடியாது.

இன்று காலை அவரே கேட்டார். “பாப்பாவை ஸ்கூல்ல நான் விட்டுட்டு வரேன். சாவியைக் குடு.”

கைப்பையைத் திறந்தாள். “மெதுவா போங்கப்பா.”

“மெதுவா ஓட்டித்தான் டிப்போல மெமோவே வாங்கினேன். போடி.”

பின்சீட்டிலிருந்து பேத்தி கையசைக்க, கார் தெருமுனையில் திரும்பி மறைந்தது. இரண்டு மாதப் பாரம் இறங்கியதுபோல் மூச்சு விட்டாள்.

அம்மா ஈரக் கையைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தாள். “நீதான் வீணா பயந்த. அவரு ஞாபகசக்தி அப்படியேதான் இருக்கு.”

“ஞாபகசக்தியா? அதுக்கும் இதுக்கும் என்னம்மா?”

“நேத்து உன் ஆட்டத்தைக் கண்ணை மூடிக்கிட்டே ஆடிக் காட்டினாரு.”