ஸ்கூட்டர் சத்தம்

“கிளியைக் கோபிக்குக் கூட்டிட்டுப் போயிருங்கப்பா. இங்க அதைப் பார்த்துக்க நேரமில்லீங்க.”

“உனக்குப் பேச்சுத்துணையா இருக்கட்டும் கண்ணு.”

“வேண்டாங்கப்பா.”

போன மாதம் கணபதியில் இருக்கும் தன் வீட்டில் மகள் செவ்வந்தி அப்படிச் சொன்னதற்குக் காரணம், நஞ்சப்பனுக்கு இப்போதுதான் புரிந்தது. கோபி ஊரில் அவர் வீட்டில் கிளி கொய்யாப்பழம் தின்றது. அவர் மனைவியைப் போலவே அவரை அதட்டியது. ஆனால் தெருவில் ஸ்கூட்டர் வந்து நின்றால் மட்டும், கூண்டின் மூலைக்கு ஓடி ஒடுங்கிக்கொண்டது.

மாப்பிள்ளையும் லேத் பட்டறையிலிருந்து ஸ்கூட்டரில்தான் வீடு திரும்புவார்.

நஞ்சப்பன் அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் கணபதிக்கு வந்துவிட்டார்.

“மாப்பிள்ளை எங்க அம்மணி? இத்தனூண்டு சீவனைப் போட்டு அடிச்சிருக்காரே, மனுசனா அவரு?”

“மெதுவாப் பேசுங்கப்பா.”

“எதுக்கு மெதுவாப் பேசோணும்? ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே அது நடுங்குது!”

“அவரு அதைத் தொட்டதே இல்லீங்க.”

“பொறகேன் பயப்படுது?”

செவ்வந்தி தரையைப் பார்த்தாள். “அது பார்த்துக்கிட்டே இருந்துச்சுங்கப்பா.”

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. செவ்வந்தி சட்டென்று அடுப்பங்கரை மூலைக்குப் போய்ச் சுவரோடு ஒடுங்கினாள்.



கல்யாணமான நாளிலிருந்து தொண்டைக்குள் வைத்திருந்ததை, அவள் அங்கிருந்தே சொன்னாள்.

“என்னையும் கூட்டிட்டுப் போயிருங்கப்பா.”