நெஞ்சு நீர்

என் கணவர் கலையரசனின் நுரையீரல் உறையில் கோத்திருந்த நீரில் செம்பும் துத்தநாகமும் மிக அதிகம் என்றது லேப் ரிப்போர்ட். "உப்பளத்துக்கும் அதுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றார் கணவர் வேலை பார்த்த உப்பளத்தின் முதலாளி. சாவுக்கு ஒரு மாலை போட்டுவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. என் கணவர் உப்பு வாரிய பாத்தியிலேயே தண்ணீர் மொண்டு அதே லேபில் கொடுத்தேன்.

மறுநாள் லேபிலிருந்து போன் வந்தது.

"உப்பளத் தண்ணின்னு சொன்னீங்களே, இது உங்க வீட்டுக்காரர் நெஞ்சுத் தண்ணிங்க. அதே செம்பு, அதே துத்தநாகம். புதுசா எடுத்தது. அவருக்கு மூச்சு முட்டும், உடனே கூட்டிட்டு வாங்க."

முதலாளியைச் சட்டையோடு பிடித்துப் பாத்திக்கு இழுத்துப் போனேன்.

"இப்ப சொல்லுய்யா, என்ன சம்பந்தம்?"

காற்றே இல்லை. பாத்தித் தண்ணீர் மட்டும் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.