பால் காய்ச்சிய அன்று மிச்சமான இடம்

ஒரு வீட்டுக் கேமராவுக்குள் மெமரி கார்டு ஒன்று குடியிருந்தது. இடம் தீர்ந்துவிடுமோ என்ற பயத்திலேயே அதற்குப் பொழுது விடியும், பொழுது சாயும்.

புது வீட்டில் பால் காய்ச்சும் நாளன்று, கேமராவைக் கையில் எடுத்ததுமே கார்டு அதனிடம் புலம்ப ஆரம்பித்தது.

"அண்ணே, படத்தைப் பெரிய அளவுல எடுக்காதீங்க. பால் பொங்குறதுக்குள்ள நான் நிரம்பிட்டா என்ன பண்றது?"

"சின்ன அளவுல எடுத்தா புள்ளிகள் குறைஞ்சிரும் தம்பி. பின்னால பெரிசாக்க முடியாது."

"யாரு பெரிசாக்கப் போறா? திரையில பளிச்சுன்னுதானே தெரியுது!"

நச்சரிப்பு தாங்காமல் கேமரா சின்ன அளவுக்கு மாறிக்கொண்டது. பால் பொங்கியது, பந்தி முடிந்தது, குடும்பத்தோடு ஒரு படமும் எடுத்தார்கள். கேமராவைக் கண்டாலே நழுவிவிடும் வீட்டுக்காரர் மாசிலாமணி, அன்றைக்கு என்னவோ ஓரமாக வந்து நின்றார். கார்டு அவரைக் கவனிக்கவே இல்லை. இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று தன்னையே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் மாசிலாமணி இறந்துபோனார். மாலை போட ஒரு படம் வேண்டுமென்று மகள் கார்டை ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனாள். ஓரத்தில் நின்ற அந்த முகத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்க, அது கட்டம் கட்டமாக உடைந்தது. கண் எது, மீசை எது என்றே தெரியவில்லை.

"வேற படம் இருக்காம்மா?"

"இல்லைங்க. இதுலதான் அப்பா சிரிச்சிக்கிட்டு நின்னாரு."

கார்டு பழக்க தோஷத்தில் தன்னைத் தடவிப் பார்த்தது. முக்கால்வாசி இடம் அப்படியே காலியாகக் கிடந்தது.